"ஆமாம், நான் சொன்னபடி செய்": ஆப்ட் கருவியின் கதை

உபுண்டுவோ டெபியனோ வைத்திருப்பவர்கள் டெர்மினலில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடிக்கும்போது பெரிதாக எதையும் யோசிப்பதில்லை. ஒரு மென்பொருளின் பெயரைச் சொன்னால் அது வருகிறது. அதற்கு வேண்டிய பத்து இருபது நூலகங்களும் கூடவே வருகின்றன, மாப்பிள்ளையை அழைத்தால் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் வந்து இறங்குவது போல. இந்தச் சௌகரியம் வர ஐந்தாறு வருஷம் பிடித்தது. வந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. கணினியில் கடைசி வார்த்தை யாருடையது? அதன் உரிமையாளருடையதா, பொதியைக் கட்டியவருடையதா, நடுவில் நிற்கும் கருவியுடையதா?

1992-இல் வந்த எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்புதான் லினக்ஸைப் பலர் கைக்குக் கொண்டுபோனது. பிழைகளும் அதில் ஏராளம். அதில் வெறுத்துப்போனவர்களில் ஒருவர் இயன் முர்டாக், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர். 1993 ஆகஸ்ட் 16 அன்று புதிதாக ஒன்றைத் தொடங்குவதாக அறிவித்தார். அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று வைத்தார். அதே வருஷம் எஸ்.எல்.எஸ்ஸிலிருந்து கிளைத்து ஸ்லாக்வேரும் வந்தது. ஸ்லாக்வேரில் பொதி என்றால் சுருக்கிக் கட்டிய ஒரு கோப்பு, அவ்வளவுதான். இது ஓட இன்னொன்று வேண்டுமே என்று அது கேட்காது. நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். (இன்றைக்கும் அதன் விசிறிகள் இதைக் குறையாக நினைப்பதில்லை. அது வேறு கதை.)

முர்டாக்கின் திட்டம் வேறு மாதிரி. ஒரே ஆள் எல்லாவற்றையும் கட்டாமல், ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஒருவர் ஜெர்மனியில், இன்னொருவர் கலிஃபோர்னியாவில். நேரில் பார்த்துக்கொள்ளவே போவதில்லை. ஆனால் இவர் கட்டியது அவர் கட்டியதோடு பொருந்தியாக வேண்டும். அப்படியானால் எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பொதிக்குள்ளேயே எழுதி வைத்தாக வேண்டும். சார்பு என்பதை நாம் தொழில்நுட்பச் சமாச்சாரமாகவே பார்க்கிறோம். டெபியனில் அது பிறந்ததற்குக் காரணம் ஆட்கள்தான். சந்திக்காத மனிதர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் அது.

இந்த ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த கருவியின் பெயர் டிபிகேஜி. முதலில் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்து, பெர்ல் மொழிக்கு மாறி, 1994-இல் இயன் ஜாக்சன் கையில் சி மொழிக்கு வந்தது. ஒவ்வொரு பொதியிலும் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்று இருக்கும். இது கட்டாயம் வேண்டும், இது இருந்தால் நல்லது, இது இருந்தால் நான் இருக்க மாட்டேன், இன்னாருடைய இடத்தை நானே நிரப்புவேன் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். 'எசென்ஷியல்' என்று ஒரு முத்திரையும் உண்டு. அந்த முத்திரை உள்ளதை நீக்கினால் கணினியே படுத்துவிடும் என்று பொருள். இந்த முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

டிபிகேஜியிடம் ஒரு குறை. அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியும், 'இரு, கொண்டுவருகிறேன்' என்று சொல்லத் தெரியாது. ஒரு பொதியைக் கொடுத்தால், அது கேட்கும் நூலகம் இல்லையென்றால், பொதியைப் பிரித்து வைத்துவிட்டு அமைக்காமல் பாதியில் நிற்கும். நூலகத்தைத் தேடிக் கொண்டுவருவது உங்கள் பாடு. அந்த நூலகம் இன்னொன்றைக் கேட்கும். அதையும் தேடணும்.

இதற்கு மேல் உட்கார வைத்ததுதான் டிசெலக்ட் என்ற மெனு முகப்பு. பொதிகளைப் பட்டியலில் காட்டும், நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதனால் வரும் மோதல்களைத் தனித் திரையில் காட்டும். அந்தத் திரையைக் கண்டு புதியவர்கள் மிரண்டார்கள். எந்த விசை எதைச் செய்யும் என்று தெரியாமல் ஒன்றைத் தட்டி, வேண்டியதை நீக்கி, வேண்டாததை ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. டிசெலக்ட்டைத் திட்டாத பழைய டெபியன்காரரைப் பார்ப்பது அரிது. என் கணிப்பில் திட்டு கொஞ்சம் அதிகம். 1996 ஜூனில் டெபியன் 1.1 வந்தபோது மொத்தம் 474 பொதிகள்தான். அந்த அளவுக்கு அது தாங்கியது. மூன்றே வருஷத்தில் பட்டியல் ஏறத்தாழ ஐந்து மடங்காகும் என்று யார் கண்டார்கள்?

பட்டியல் நீளமானது மட்டும் பிரச்சினை இல்லை. 1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0-இல் அடித்தள நூலகமே லிப்சி 5-லிருந்து லிப்சி 6-க்கு மாறியது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் நூலகம் அது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது மாதிரி வேலை. எதை முதலில் ஏற்றுவது, எதை அடுத்து என்ற வரிசை முக்கியம். வரிசை தப்பினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். அதற்கென்றே 'ஆட்டோஅப்' என்று தனி ஸ்கிரிப்ட் எழுதி, முதலில் அதை ஓட்டச் சொன்னார்கள். சரியான வரிசையை மனிதர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்து ஸ்கிரிப்டில் எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சார்புகள் எல்லாம் பொதிகளுக்குள்ளேயே எழுதியிருக்கும்போது, வரிசையைக் கருவியே கணக்குப் போடக்கூடாதா?

அந்தக் கணக்கைப் போடத்தான் டிசெலக்ட்டுக்கு மாற்றாக ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. திட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் 'டீட்டி', அதாவது தெய்வம். அந்தப் பெயர் சிலரைப் புண்படுத்தும் என்று பேச்சு வந்து, ஆப்ட் என்று மாற்றினார்கள். நிரலின் பெரும்பகுதியை எழுதியவர் ஜேசன் கன்தோர்ப். 1999 மார்ச் 9 அன்று சுமார் 2250 பொதிகளோடு வந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் இடம்பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், ஆப்ட் டிசெலக்ட்டை உடனே விரட்டவில்லை. டிசெலக்ட்டுக்குள்ளேயே பொதிகளைக் கொண்டுவரும் வழிகளில் ஒன்றாகவும் அது உட்கார்ந்துகொண்டது. ஜனங்கள்தான் மெனுவை விட்டுவிட்டு 'ஆப்ட்-கெட்' என்ற ஒற்றை வரிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அது செய்வது மூன்று வேலை. எந்தெந்தக் களஞ்சியத்தில் தேடுவது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள். அங்கிருந்து பொதிகளின் பட்டியலை மட்டும் முதலில் இறக்கிக்கொள்ளும். நீங்கள் ஒன்றைக் கேட்டதும் பட்டியலை வைத்து எதெல்லாம் சேர்ந்து வரணும், எதெல்லாம் போகணும் என்று கணக்கிட்டுக் காட்டும். நீங்கள் சரி என்றதும் எல்லாவற்றையும் இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கும். நிறுவும் வேலையை ஆப்ட் தொடுவதே இல்லை. அதைக் கடைசிவரை டிபிகேஜிதான் செய்கிறது.

அந்தப் பக்கம் ரெட் ஹாட் உலகில் ஆர்.பி.எம். பொதிகள். அவற்றிலும் சார்பு விவரம் உண்டு. இருந்தும் 'சார்பு நரகம்' என்ற பேச்சு அங்கேதான் பலமாகக் கேட்டது. பொதிகள் இணையத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஒருவர் கட்டியது இன்னொருவர் கட்டியதோடு ஒட்டாது. ஆர்.பி.எம். வடிவமே மட்டம், டெப் வடிவம்தான் உசத்தி என்று அப்போது நிறையப் பேர் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைப் பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனம் ஒரு வழியாக முடித்துவைத்தது என்றே சொல்வேன். அவர்கள் ஆப்ட்டை எடுத்து ஆர்.பி.எம். பொதிகளோடு வேலை செய்யும்படி மாற்றினார்கள். ஓடியது. வடிவத்தில் கோளாறு இல்லை என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 'யம்' வந்து, ஃபெடோராவில் நிலைத்தது.

டெபியனில் இருந்து மற்ற இடத்தில் இல்லாதது, பொதி எப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கும் கொள்கைக் கையேடும், அதை மீறினால் பிழை என்று பதிந்து துரத்தும் ஆட்களும். ஆப்ட்டின் புகழில் பாதி அந்தக் கையேட்டுக்குச் சேர வேண்டியது. கையேடு எழுதுகிறவர்களை யார் பாராட்டுகிறார்கள்!

நம்பிக்கைக்கு இன்னொரு சோதனையும் வந்தது. 2003 நவம்பரில் டெபியனின் சில சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பொதிக் களஞ்சியம் தப்பித்தது. ஆனால் அதுவரை ஆப்ட், வருகிற பட்டியல் உண்மையிலேயே டெபியனிடமிருந்துதான் வருகிறதா என்று கையொப்பம் பார்த்ததில்லை. வழியில் யாராவது மாற்றிக் கொடுத்திருந்தாலும் ரூட் அதிகாரத்தோடு நிறுவியிருக்கும். கையொப்பச் சோதனை 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0-இல்தான் ஒழுங்காக நிலைபெற்றது. ஆப்ட் பிறந்து எட்டு வருஷம் கழித்து! இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

அதற்குள் ஆப்ட் டெபியனைத் தாண்டிப் போய்விட்டது. 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேரோ, திறந்தவர்கள் கையில் இருந்தது இதே கருவி.

இனி அந்தக் கணக்கு. அ வேண்டுமென்றால் ஆ அல்லது இ வேண்டும். ஆ இருந்தால் ஈ இருக்கக் கூடாது. ஆனால் உ-வுக்கு ஈ வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் அடுக்கினால், எல்லாவற்றையும் திருப்திப்படுத்தும் ஒரு சேர்க்கை உண்டா என்று கண்டுபிடிப்பது கணினியியலின் கடினமான கணக்குகளில் ஒன்று. ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான எடோஸ், ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வியே என்.பி.-முழுமை வகையைச் சேர்ந்தது என்று 2006 வாக்கில் காட்டியது. அதாவது எல்லாச் சமயத்திலும் வேகமாக விடை சொல்லும் வழி எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆப்ட் அதுவரை பிழைத்தது உத்திகளால். பெரும்பாலும் சரியாக ஊகிக்கும். ஊகம் தப்பும்போது விசித்திரமான யோசனை சொல்லும்: 'நீங்கள் கேட்டதைப் போட்டுவிடலாம், ஆனால் உங்கள் டெஸ்க்டாப்பை நீக்க வேண்டும்.'

கணக்குப்படி அது தப்பான விடை இல்லை. அதுதான் சிக்கலே. இப்படி எசென்ஷியல் பொதிகள் போகும் நிலை வந்தால் ஆப்ட் சாதாரணமாக 'சரியா, இல்லையா' என்று கேட்காது. ஆபத்தான காரியம் செய்யப் போகிறீர்கள் என்று எச்சரித்து, ஒரு முழு வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் அடிக்கச் சொல்லும்: 'எஸ், டூ ஆஸ் ஐ சே!' ஆமாம், நான் சொன்னபடி செய். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. இவ்வளவு சொல்லியும் ஒருவர் அடித்தால் அவருக்குத் தெரிந்துதான் அடிக்கிறார் என்பது அந்தக் காலத்துக் கணிப்பு.

2021 நவம்பரில் அந்தக் கணிப்பு லட்சக்கணக்கானோர் பார்க்க உடைந்தது. யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓ.எஸ். நிறுவி, விளையாடுவதற்காக ஸ்டீம் மென்பொருளை ஏற்றப் போனார். மவுஸால் சொடுக்கி ஏற்றும் கடைச் செயலி மறுத்துவிட்டது. இணையத்தில் தேடி, கட்டளை வரியில் முயன்றார். களஞ்சியத்தில் அந்த நேரத்தில் இருந்த ஒரு கோளாறால், ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப் போக வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. நீளமான பட்டியலும் எச்சரிக்கையும் வந்தன. அவர் அந்த வாக்கியத்தை அடித்தார். டெஸ்க்டாப் போயிற்று. கறுப்புத் திரை.

எச்சரிக்கையைப் படிக்காதது அவர் குற்றம் என்று ஒரு கட்சி. விளையாட்டுச் செயலி கேட்டவனிடம் வீட்டை இடிக்கட்டுமா என்று கேட்பதே குற்றம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. அவர் எதையும் நீக்கச் சொல்லவில்லை, ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அந்த வாக்கியத்தில் 'நான் சொன்னபடி' என்று இருக்கிறதே, அதை அவர் சொல்லவே இல்லை. சொன்னது ஆப்ட். 1999-இல் டெர்மினல் முன்னால் உட்கார்ந்தவருக்குப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் இருந்தது. இருபது வருஷம் கழித்து வருகிறவர், எதையாவது ஒப்புக்கொள்ளச் சொல்லும் பெட்டிகளைத் தினமும் பத்து தடவை படிக்காமல் தள்ளிவிட்டுப் பழகியவர்.

ஆப்ட்டைப் பராமரிப்பவர்களும் அதே மாதம் வந்த 2.3.12 பதிப்பில் அந்த வாக்கியத்தின் வலுவை எடுத்துவிட்டார்கள். எசென்ஷியல் பொதிகளை நீக்கும் தீர்வு வந்தால் இப்போது ஆப்ட் பிழை என்று நிறுத்திவிடும். நிஜமாகவே நீக்கித்தான் தீரணும் என்பவர், அதற்கென்று உள்ள தனி விருப்பத் தேர்வைக் கட்டளையிலேயே சேர்த்து எழுத வேண்டும். 2025-இல் வந்த ஆப்ட் 3.0-இல், பழைய ஊக உத்திகளுக்குப் பதிலாகப் பின்வாங்கித் திரும்பத் தேடும் புதிய தீர்வு நிரலும் சேர்ந்தது. டெபியன் 12-இல் பொதிகள் 64,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றை ஏற்றி இறக்கும் வேலையை அடியில் இன்னும் டிபிகேஜிதான் செய்கிறது. பொதி குறைந்தால் 'இல்லை' என்று சொல்லிப் பாதியில் நிற்கும் அதே பழைய ஆள்.