அன்னை ஆயிஷாவிடம் வளர்ந்த அம்ரா (ரஹ்)

ஹதீஸ் கலையின் மாமேதை இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களின் கல்வித் தாகத்தைக் கண்ட காஸிம் இப்னு முஹம்மத் (ரஹ்), அவரை ஒரு பெண்மணியிடம் செல்லுமாறு வழிகாட்டினார்கள். காஸிமோ அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் மகன். அன்னையின் அறிவு யாரிடம் தங்கியிருக்கிறது என்பதை நன்கறிந்தவர். சென்று திரும்பிய ஸுஹ்ரீ, வற்றாத கடலாக அப்பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள்.

அவர்தாம் அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான் (ரஹ்). அன்ஸாரிகளின் பனூ நஜ்ஜார் குலத்தவர். அன்னை ஆயிஷாவின் பராமரிப்பில் வளர்ந்த தாபிஈப் பெண்மணி. கால் தீனாரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடினால்தான் கை வெட்டப்படும் என்ற நபிமொழியை அன்னையிடமிருந்து அறிவித்தவர்களுள் அவரும் ஒருவர். கால் தீனார் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் தங்கம்.

இந்த ஹதீஸ் ஒரு மனிதனின் கையைக் காத்தது. அம்ராவின் சகோதரி மகன் அபூபக்ர் இப்னு முஹம்மத் இப்னு அம்ர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) மதீனாவில் நீதி வழங்கும் பொறுப்பில் இருந்தவர். இரும்பு மோதிரங்களைத் திருடிய ஒரு நபதீ அவரிடம் சிக்கினான். அரபியல்லாத எளியவன், அவனுடைய பெயரைக்கூட வரலாறு குறித்து வைக்கவில்லை. கையை வெட்டும் எண்ணத்துடன் அபூபக்ர் அவனைச் சிறையிலிட்டார். செய்தி அம்ராவை எட்டியது. உமையா என்ற தம் பணிப்பெண்ணை உடனே அனுப்பினார்கள். மக்கள் சூழ அமர்ந்திருந்த அபூபக்ரிடம் அவள் வந்து, அற்பப் பொருளுக்காகவா ஒருவனின் கையை வெட்ட நினைக்கிறீர் என்று அவருடைய சிற்றன்னை கேட்பதாகச் சொன்னாள். ஆம் என்றார் அவர். கால் தீனாருக்குக் குறைந்தால் வெட்டுதல் இல்லை என்பதே அம்ராவின் சொல் என்றாள் அவள். நபதீ விடுவிக்கப்பட்டான்.

இமாம் மாலிக்கின் முவத்தாவில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. சபை நடுவே தாம் திருத்தப்பட்டதை யஹ்யா இப்னு ஸயீதுக்கு எடுத்துச் சொன்னவர் வேறு எவருமல்லர், அதே அபூபக்ர்தான். எத்தனை நீதிபதிகளுக்கு அந்த மனம் வரும்!

அம்ரா மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 98 என்றும் 106 என்றும் கூறப்படுகிறது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி செய்த கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), அறிஞர்கள் மறைய மறைய அறிவும் அழிந்துவிடுமோ என அஞ்சி, நபிமொழிகளை எழுதிவைக்கும்படி மதீனாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அம்ராவிடமுள்ள ஹதீஸ்களை அதில் தனியே குறிப்பிட்டார்கள். கடிதத்தைப் பெற்றவர் அபூபக்ர் இப்னு ஹஸ்ம்.