பொது ஆவணங்கள் சட்டம், 1993
மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பேணுவதற்கான இந்தியச் சட்டம். கோப்பு, கையெழுத்துப்படி, மைக்ரோஃபிலிம் மட்டுமல்ல, கணினியில் உருவானவையும் இதன்படி பொது ஆவணங்களே. அலுவலகம்தோறும் ஆவண அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விதிமுறைக்குப் புறம்பாக எதையும் அழிக்கக் கூடாது. 1892-க்கு முற்பட்டவற்றை, எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழிய, அழிக்கவே முடியாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மின்னணுப் பதிவுகளைப் பாதுகாக்கும் முறையைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் (2000), பிரிவு 7 சொல்கிறது. மின்னஞ்சல் என்றால் யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி என்ற விவரமும் உடனிருக்க வேண்டும். அச்செடுத்துக் கோப்பில் செருகிவிட்டு மூலத்தை நீக்கும் அலுவலகப் பழக்கம் ஆபத்தானது. பின்னாளில் சரிபார்க்க வழியே இருக்காது.