பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டுக் குடும்ப வாழ்வும் தொழிலும்

2020 மார்ச் முதல் 2022 தொடக்கம் வரை கொரோனா பெருந்தொற்றும் அதையொட்டிய ஊரடங்குகளும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் அன்றாட வாழ்வையும் பிழைப்பையும் புரட்டிப்போட்டன. மாநிலத்தின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவருக்கு உறுதியானது. மார்ச் 25 அன்று மதுரையில் முதல் இறப்பு நேர்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். அரசுக் கணக்குப்படி மாநிலத்தில் 38,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

நோய் எல்லோருக்கும் பொதுவானது என்று அந்நாட்களில் அடிக்கடி சொல்லப்பட்டது. ஊரடங்கு அப்படி இருக்கவில்லை. வீட்டில் எத்தனை அறை, வருமானம் மாதச் சம்பளமா தினக்கூலியா என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலே ஒரு குடும்பம் அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது.

பிழைப்பு

முதலில் அடிபட்டவர்கள் அன்றன்று சம்பாதித்து அன்றன்று செலவழிப்பவர்கள்: கட்டடத் தொழிலாளர், சுமைதூக்குவோர், ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், வீட்டுவேலை செய்யும் பெண்கள். அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 2020 ஏப்ரலில் ரூ.1,000 ரொக்கமும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீடு தேடி வந்தது. ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் ஆளுக்கொரு வட்டமாக மக்கள் நின்றனர். வெயில் ஏறியதும் வட்டத்தில் பையை வைத்துவிட்டு மர நிழலுக்கு ஒதுங்கினர். தமிழ்நாட்டில் பொது விநியோகம் பெரும்பாலான குடும்பங்களை எட்டும் அமைப்பாக முன்பே இருந்ததால்தான் பசி ஓரளவு தடுக்கப்பட்டது. இரண்டாம் அலையின்போது, 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக ரூ.4,000-மும் 14 வகை மளிகைப் பொருள்களும் தரப்பட்டன. ஆனால் வீட்டு வாடகைக்கும் வட்டிக்கும் ரேஷன் கடையில் மாற்று கிடையாது.

கடனே பல வீடுகளின் உண்மையான சுமையாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது; அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. குழுக் கடன் வாங்கிய பெண்கள் தவணை வசூலிக்க வந்தவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் தாலிச்சங்கிலியும் தோடும் அடகுக்குப் போயின. 2020 ஆகஸ்டில், வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் வரை கடன் தர ரிசர்வ் வங்கி தற்காலிகமாக அனுமதித்தது. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைகளுக்கான கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்வதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடகுக் கடையில் வைத்தவர்களுக்கு அது பொருந்தவில்லை.

சென்னையின் கோயம்பேடு சந்தை இந்தக் காலத்தின் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊரடங்கிலும் காய்கறி வந்தாக வேண்டும் என்பதால் அது திறந்தே இருந்தது. தொற்று அங்கே குவிந்தது. வேலை இழந்து ஊர் திரும்பிய சுமைதூக்குவோரோடு நோய் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கும் போனது. 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டுக் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேடு காய்கறிச் சந்தை மீண்டும் திறந்தது. அதே மே மாதத்தில் மதுக்கடைகள் 7-ஆம் தேதி திறக்கப்பட்டு, உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டு, உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் 16-ஆம் தேதி மறுபடி திறந்தன. வருமானமற்ற வீடுகளில் மிஞ்சியிருந்த காசு அங்கே போனதைத் தடுக்காதது அக்காலத்தின் வருந்தத்தக்க முடிவுகளுள் ஒன்று.

பனியன் ஏற்றுமதி நின்றுபோன திருப்பூரில் பல நிறுவனங்கள் முகக்கவசமும் மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு உடையும் தைக்கத் தொடங்கின. சுயஉதவிக் குழுப் பெண்களும் முகக்கவசம் தைத்து வருமானம் பார்த்தனர். கிராமங்களில் நூறு நாள் வேலை பலருக்குக் கைகொடுத்தது. அதன் நாள்கூலி 2020–21-இல் ரூ.229-இலிருந்து ரூ.256 ஆனது.

மாதச் சம்பளக்காரர்களில் தகவல் தொழில்நுட்பத் துறையினர் கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்று வேலையைத் தொடர்ந்தனர். பலர் சென்னை அறையைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கே போய், சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியில் உட்கார்ந்து கூட்டங்களில் பேசினர். பழைய மாமல்லபுரம் சாலையில் அவர்களை நம்பியிருந்த விடுதிகள், டீக்கடைகள், இட்லிக் கடைகள், ஷேர் ஆட்டோக்கள் படுத்துவிட்டன. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் முன்பே அலுவலகம் நடத்திவந்த ஜோஹோ மென்பொருள் நிறுவனம், சிற்றூர்களில் மேலும் சிறு அலுவலகங்களைத் திறந்தது. நகரத்துக்குப் போகாமலும் மென்பொருள் வேலை பார்க்கலாம் என்பது பெற்றோருக்கு அப்போதுதான் நம்பிக்கையாக மாறியது.

வீடு

வீடே பள்ளி, அலுவலகம், மருத்துவமனை என எல்லாமும் ஆனபோது கூடுதல் வேலை யார் தலையில் விழுந்தது என்பதில் ஐயமில்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. ஊரடங்கில் மூன்று வேளையும் எல்லோரும் வீட்டில் இருந்தனர். வாங்கிவந்த காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் கழுவுவது, கபசுரக் குடிநீர் என்ற சித்த மருந்துக் கஷாயம் காய்ச்சுவது, மாமனார் மாமியாரின் மாத்திரையைக் கவனிப்பது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அலுவலக அழைப்பு ஒரு காதிலும் குக்கர் விசில் மறு காதிலும் கேட்டது. 2020 ஏப்ரலில் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாகத் தேசிய மகளிர் ஆணையம் தெரிவித்தது. அடித்தவனோடு ஒரே கூரைக்குள் அடைபட்டவள் தொலைபேசியை எடுப்பதே கடினம் என்பதால், சொல்லப்படாதவை அதைவிட அதிகம் என்று கொள்வதே சரி.

தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்ன அறிவுரை, தனி அறையும் தனிக் கழிப்பறையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வடசென்னையின் ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து பேர் ஓர் அறையில் படுத்தார்கள். நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் இடையில் ஒரு சேலைதான் மறைப்பு. தொற்று வந்த வீட்டின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2020-இல் சென்னையில் சில வீடுகளின் வாசலையே தகரம் வைத்து அடைத்தார்கள். நோயைவிட அந்தத் தகரத்துக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே போகாதவர்கள் இருந்தனர்.

பிள்ளைகளின் படிப்பு

2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தாயின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சியும் கைபேசி வகுப்புகளும் நடந்தன. வீட்டில் ஒரே கைபேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துப்போனால் வகுப்பு இரவில்தான். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தவள் தங்கை. சத்துணவுக்கு மாற்றாக அரிசி, பருப்பு, முட்டை வழங்கப்பட்டன. பல பிள்ளைகள் கட்டட வேலைக்கும் பட்டறைகளுக்கும் போய்விட்டனர்.

இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் பாடம் நடத்தினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருவின் பெண்கள். பெருந்தொற்று உருவாக்கிய நல்லவற்றுள் இதுவே முதன்மையானது. ஆயினும், 2022-ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறன் 2018-ஐவிடச் சரிந்திருந்தது.

நல்லதும் கெட்டதும்

திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு உறவுமுறையின் அடிப்படையையே தொட்டது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போய், வீட்டு வாசலிலேயே தாலி கட்டினர். மொய் வரவில்லை; முன்பு செய்த மொய் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கடன் வாங்கியிருந்த வீடுகள் தவித்தன. தாய்மாமன் வேறு மாவட்டத்தில் இருந்தால், மாவட்டம் தாண்ட அரசு தந்த இ-பாஸ் கிடைத்தால்தான் சீர் வந்தது.

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உறவினர் இரவெல்லாம் வரிசையில் நின்றனர். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்றன. இறந்தவரின் உடல் வீட்டுக்கு வரவில்லை. குளிப்பாட்டவும் வாய்க்கரிசி போடவும் முடியாமல், மயானத்தில் தள்ளி நின்று பார்த்ததோடு முடிந்தது. அந்த வேதனை பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை.

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு ரூ.5 லட்சம் வைப்புத்தொகையை மாநில அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50,000 நிவாரணம் நாடு முழுவதும் வழங்கப்பட்டது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா இறப்பாகக் கொள்ளப்பட்டது. பரிசோதனையே செய்யாமல் வீட்டில் இறந்தவர்களின் குடும்பங்களால் அந்தத் தொகையைப் பெற முடியவில்லை.