மலாயாத் தோட்டங்களும் பிரித்தானிய நாடாளுமன்றக் கேள்விகளும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் மலாயா விடுதலை பெற்ற 1957 வரை, இந்நாட்டு ரப்பர் தோட்டங்கள் குறித்து லண்டன் மக்களவையில் உறுப்பினர்கள் தொடர்ந்து கேள்வி எழுப்பினர். நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்திலும் பிற தோட்டங்களிலும் லயங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு அந்த அவையில் வாக்கும் இல்லை, உறுப்பினரும் இல்லை. யாரோ ஒரு தொகுதியின் உறுப்பினர் கேட்டால்தான் அவர்கள் பாடு அங்கே பேசப்பட்டது.

கேட்டவர்கள்

கேள்வியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டு அமைச்சர் வாய்மொழியாகவோ எழுத்திலோ பதில் தந்தார். அது நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் அச்சானது. முன்பு மலாயா அரசுப் பணியில் இருந்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் எல். டி. காமன்ஸ் மலாயா விவகாரங்களில் அடிக்கடி எழுந்தார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த மேற்கு ஃபைஃபின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் வில்லியம் காலகர் எதிர்த்திசையில் நின்றார். தொழிற்கட்சியின் ஸ்டான்லி ஆபரி, எஃப். டபிள்யூ. டாலியுடன் 1948இல் மலாயாவுக்கு நேரில் வந்து, தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை அளித்தார்.

1946 முதல் 1950 வரை பதில் சொல்லும் பொறுப்பில் இருந்தவர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ். போருக்கு முன் குடியேற்ற நாட்டுத் தொழிலாளருக்காக ஓயாமல் கேள்வி கேட்டவர் இவரே. ஆயினும் இவர் காலத்தில்தான், 1948 மே மாதம், அதே தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் சங்க நிர்வாகியாகக் கூடாது என்ற சட்டத் திருத்தம் வந்தது. ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

பத்தாங் காலி

அவசரகாலத்தின்போது, 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில், சிலாங்கூரின் பத்தாங் காலி தோட்டக் குடியிருப்பில் பிரித்தானிய ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 சீனர்களைக் கொன்றனர். 1949 ஜனவரி 26 அன்று அவைக்குத் தரப்பட்ட எழுத்துப் பதில், அவர்கள் திட்டமிட்டுத் தப்பியோட முயன்றதாகவும், சுடாவிட்டால் தப்பியிருப்பார்கள் என்றும் கூறியது. அப்படையின் முன்னாள் வீரர்கள் சிலர் இதை மறுத்து வாக்குமூலம் தந்தது 1970 வாக்கில்தான். பொது விசாரணை கோரிய உறவினர்களின் வழக்கைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. ஆனால் அரசு அன்று சொன்னதை எழுத்தில் நிலைநிறுத்தி, பின்னாளில் சாட்சிகளோடு ஒப்பிட வைத்தது அந்தப் பதிலே.

சொந்த அவைக்கு

மலாயாவின் கூட்டரசுச் சட்டமன்றத்துக்கு 1955 ஜூலையில் முதல் தேர்தல் நடந்தது. 98 இடங்களில் 52க்கு மட்டுமே வாக்கெடுப்பு. இதற்கிடையே, நெகிரி செம்பிலானில் சங்கப் பணி தொடங்கிய பி. பி. நாராயணன் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். தொழிற்சங்கவாதி வி. டேவிட் 1959இல் பங்சார் தொகுதியில் வென்று, விடுதலை பெற்ற மலாயாவின் நாடாளுமன்றம் புகுந்தார்.

மதிப்பீடு

லண்டன் கேள்விகள் கூலியை உயர்த்தவில்லை, தூக்குக் கயிற்றையும் தடுக்கவில்லை. அவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் கோலாலம்பூர் அதிகாரிகள் அனுப்பிய தகவலைக் கொண்டே எழுதப்பட்டன. பால்மரம் சீவியவரின் குரல் அவற்றில் இல்லை. ஹன்சார்டை ஆராய்வோர் தோட்டத்து முதியோரின் நினைவுகளையும் சங்க ஆவணங்களையும் அதனருகே வைத்துப் படிப்பது கட்டாயம். அப்போதுதான் தோட்ட மக்களின் வரலாறு நேர்மையாக எழுதப்படும்.