டி-பேஸ் முதல் டிபி-வியூ வரை: அழித்தாலும் போகாத கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்குக் கமாண்ட் லைன் எதற்கு என்று வகுப்பில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது உங்களுக்குத் தெரியும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் எங்கள் மாமாவின் பேரேடுகள் அத்தனையும் கூழாகிவிட்டன. மச்சில் கிடந்த ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது. 1996 முதல் ஃபாக்ஸ்ப்ரோவில் ஏற்றிய கடன் கணக்கு அதில் இருந்தது. "ஏல, நீ காமர்ஸ்தான படிக்க? இத எடுத்துக் குடு" என்றார்.

ஃபாக்ஸ்ப்ரோவின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. வேய்ன் ராட்லிஃப் என்பவர் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1978ல் ஆபீசில் கட்டும் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக 'வல்கன்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஜார்ஜ் டேட் என்பவர் அதை வாங்கி 'டி-பேஸ் 2' என்று விற்றார். டி-பேஸ் 1 என்று ஒன்று கிடையவே கிடையாது! இரண்டு என்று போட்டால் ஏற்கனவே ஓடித் தேறிய சரக்கு என்று நினைத்து வாங்குவார்கள் அல்லவா? எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதைச் சேர்க்கலாம்.

அதே கோப்பு முறையைப் பின்பற்றி ஒஹையோவில் ஒரு சின்ன கம்பெனி 1989ல் ஃபாக்ஸ்ப்ரோவைக் கொண்டுவந்தது. 1992ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. கடைசிப் பதிப்பு 2004ல் வந்தது, 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நின்றுபோனது.

இப்படி எழுத்து இருந்தும் படிக்க ஆள் இல்லாமல் போவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் கோயில் செலவுக்காக 290 காசு முதலாக வைத்தான். காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் வீதம் 580 கலம் நெல் வட்டி, முதல் குறையக் கூடாது. இதை அம்பாசமுத்திரத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கணக்கு சுத்தம், ஆனால் எழுத்து வட்டெழுத்து. இன்று கல்வெட்டு படித்தவர்தான் வாசிக்க முடியும். மாமாவின் டிஸ்க்கும் அந்த நிலைமையில்தான் இருந்தது.

டாஸ் காலத்தில் பெரும்பாலும் இன்ஸ்டால் என்றால் ஃப்ளாப்பியிலிருந்து காப்பி பண்ணுவது. நீக்குவது என்றால் 'டெல்' போட்டுக் கோப்புகளை அழித்து, காலியான டைரக்டரியை 'ஆர்டி' போட்டு எடுப்பது. உள்ளே இன்னொரு டைரக்டரி இருந்தால் அங்கேயும் போய் இதையே செய்ய வேண்டும். மொத்தமாகச் சாய்க்கும் 'டெல்ட்ரீ' 1993ல் எம்எஸ்-டாஸ் 6 வந்தபோதுதான் கிடைத்தது.

லினக்ஸ் பக்கம் இது வேறு மாதிரி வளர்ந்தது. டெபியனில் 1994லேயே 'டிபேக்கேஜ்' வந்துவிட்டது. எந்தப் பொதி எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும், நம் சரக்குப் பதிவேடு மாதிரி. வந்த சரக்கு பதிவில் இருப்பதால்தான் திருப்பி அனுப்பவும் முடிகிறது. 1998ல் வந்த 'ஆப்ட்', ஒரு பொதிக்கு வேண்டிய மற்ற பொதிகளையும் தானே கொண்டுவந்தது. நீக்குவதிலும் இரண்டு விதம். 'ரிமூவ்' போட்டால் புரோகிராம் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். 'பர்ஜ்' போட்டால்தான் அவையும் போகும்.

நான் தேடியது 'டிபி-வியூ' என்ற சின்னக் கருவி. டிபிஎஃப் கோப்பைப் பிரித்துக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. 'ஆப்ட் இன்ஸ்டால் டிபிவியூ' என்று ஒரு வரி அடித்ததும் வந்து உட்கார்ந்துவிட்டது. டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் மாட்டி ஓட்டினேன். பெயர், ஊர், தொகை எல்லாம் வரிசையாக வந்தன. பத்தமடை, சேரன்மகாதேவி, முக்கூடல் என்று ஒவ்வொரு ஊராக மாமா வாசித்துக்கொண்டே வந்தார்.

இங்கேதான் ஒரு சங்கதி. டி-பேஸ் குடும்பத்தில் 'டிலீட்' கொடுத்தால் பதிவு அழியாது. ஒவ்வொரு பதிவின் முதல் எழுத்தும் வெற்றிடம். டிலீட் செய்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் போகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பெரிய கோப்பைத் திருப்பி எழுத நேரமாகும், அதனால் இப்படி வைத்தார்கள். டிபி-வியூவில் பெரிய எழுத்து 'டி' சுவிட்ச் சேர்த்தால் நட்சத்திரம் போட்டவையும் தெரியும். ஆர்வத்தில் சேர்த்துவிட்டேன்.

நாற்பதுக்கு மேல் பெயர்கள். எல்லாம் பாக்கி உள்ளவை. வசூலானதைத்தான் நீக்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம்... இது புள்ள கல்யாணம் நின்னுபோச்சுல்லா, அந்த வீடு..." என்று நாலைந்து பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். கடை வெள்ளத்தில் போன சமயம், அந்தத் தொகையும் கூட்டிப் பார்த்தால் சின்னதில்லை. நான் கூட்டிச் சொன்னேன்.

"நட்சத்திரம் போட்டத எடுக்காத" என்றார்.

சுவிட்சை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டி, மீதியை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பிறகு 'ஆப்ட் பர்ஜ் டிபிவியூ' அடித்தேன். கருவி போய்விட்டது. டிபிஎஃப் கோப்பில் 'பேக்' செய்யட்டுமா என்று கேட்டதற்கு மாமா பதில் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பழையபடி துணியில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறார்.