புரொஸ்டேட் சுரப்பி: கருவில் கேட்ட கட்டளையும் முதுமையில் வரும் புற்றுநோயும்

எங்கள் ஆண்கள் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தே பேசுவார்கள். எத்தனை குளிசை போடுகிறோம் என்று கணக்கும் சொல்வார்கள். ஆனால் புரொஸ்டேட் என்ற சொல் வந்தால் பேச்சு நின்றுவிடும். இடம் அப்படி. கூச்சப்பட்டு இருந்துவிட்டு, ஒருநாள் வைத்தியர் "ஓமோன் சிகிச்சை" என்று சொல்லும்போது அது என்ன, ஏன் என்று விளங்காமல் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஒரு விடயத்தை அதன் முதல் பதிவிலிருந்து பார்த்தால்தான் எனக்கு விளங்கும். இந்தச் சுரப்பிக்கு முதல் பதிவு தாயின் வயிற்றிலேயே எழுதப்படுகிறது.

இரண்டு பாதைகளும் உள்ள கரு

கருவுற்று ஏறக்குறைய ஆறு வாரம் வரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உள்ளுறுப்புகளில் வேறுபாடு தெரியாது. ஆணுக்குரிய குழாய், பெண்ணுக்குரிய குழாய் இரண்டும் ஒவ்வொரு கருவிலும் இருக்கும். வை நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.ஆர்.வை என்ற மரபணு வேலை செய்யத் தொடங்கினால், அதுவரை எதுவாகவும் ஆகாமல் இருந்த பாலுறுப்புச் சுரப்பி விதையாக மாறும். இந்த மரபணுவை லண்டன் ஆய்வாளர்கள் 1990இல் அடையாளம் கண்டார்கள்.

அதன்பின் நடப்பதெல்லாம் ஓமோன்களின் வேலை. விதையில் உள்ள ஒருவகைக் கலங்கள் பெண்ணுக்குரிய குழாயை அழிக்கும் ஓமோனைச் சுரக்கின்றன. இன்னொரு வகைக் கலங்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து ஆணுக்குரிய குழாயைக் காப்பாற்றுகின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் அல்பிரட் ஜொஸ்ட் 1940களில் முயல்களில் இதைக் காட்டினார். தாயின் வயிற்றில் இருந்த முயல் கருக்களின் விதைகளை உரிய காலத்துக்கு முன் அகற்றியபோது, அவை பெண்ணுறுப்புகளோடு வளர்ந்தன. அதாவது ஆணுடல் உருவாவதற்கு உரிய நேரத்தில் ஒரு கட்டளை வந்து சேரவேண்டும்.

புரொஸ்டேட்டுக்கு வேண்டியது வேறொரு ஓமோன்

புரொஸ்டேட், தமிழில் முன்னிற்கும் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வழியைச் சுற்றி இருக்கிறது. சுக்கிலத்தின் ஒரு பகுதித் திரவத்தை அதுதான் தருகிறது. கருவில் அது வளர டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. ஒரு நொதியம் அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலிமையான ஓமோனாக மாற்றவேண்டும்.

இதை உலகுக்கு விளங்கவைத்தது டொமினிக்கன் குடியரசில் உள்ள சலினாஸ் என்ற கிராமம். அங்கே சில பிள்ளைகள் பிறக்கும்போது பெண்பிள்ளைகள் போலத் தோன்றி, பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். இவர்களுக்கு அந்த நொதியம் பரம்பரையாகவே குறைவு என்பதை ஜூலியான் இம்பராட்டோ மக்கின்லி குழுவினர் 1974இல் வெளியிட்டார்கள். இவர்கள் வளர்ந்த பின்பும் புரொஸ்டேட் மிகச் சிறிதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியத்தைத் தடுத்தால் வீங்கிய புரொஸ்டேட்டைச் சுருக்கலாமா என்ற கேள்வியிலிருந்து வந்த மருந்துதான் ஃபினாஸ்டரைட். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதை இன்று எம்மவர் பலர் போடுகிறார்கள்.

இரண்டு கையொப்பங்கள்

ஓமோன் நேரே போய் சுரப்பிக் கலத்தை "வளர்" என்று சொல்வதில்லை. கலிபோர்னியாவில் ஜெரால்ட் குன்ஹா எலிகளில் செய்த பரிசோதனைகள் இதைக் காட்டின. சுரப்பியாக வளரவேண்டிய மேற்படலத்தையும் அதைத் தாங்கும் அயல் இழையத்தையும் பிரித்து, மாற்றிமாற்றி இணைத்தார். அயல் இழையத்துக்கு ஆண் ஓமோனை உணரும் ஏற்பி இருந்தால், மேற்படலத்தில் அந்த ஏற்பி பழுதாக இருந்தாலும் புரொஸ்டேட் உருவானது. அயல் இழையத்தில் ஏற்பி பழுதானால் உருவாகவில்லை.

கட்டளையை முதலில் கேட்பது அயல் இழையம்தான். அது வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சிறு புரதங்களைச் சுரந்து பக்கத்துக் கலங்களை வளரச் சொல்கிறது. எங்கள் தொழிலில் ஒரு காசோலைக்கு இரண்டு கையொப்பம் கேட்பது போல, ஓமோன் ஒரு கையொப்பம், அயல் இழையம் இரண்டாவது. இரண்டும் இருந்தால்தான் செலவு நடக்கும். உடல் அளவோடு வளர்வதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

வயது ஐம்பது தாண்டியபின் பலருக்குப் புரொஸ்டேட் மீண்டும் பருக்கிறது. இரவில் அடிக்கடி எழும்ப வேண்டிவரும், சிறுநீர் தடைப்பட்டு வரும். கருவில் நடந்த இழையப் பேச்சு முதுமையில் மறுபடி விழித்துக்கொள்வதே இது என்று ஜோன் மக்நீல் என்ற நோயியலாளர் கருதினார். இந்த வீக்கம் சிறுநீர் வழியை ஒட்டிய பகுதியில் வருவது, புற்றுநோய் அல்ல. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால், ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம்.

கட்டளையை நிறுத்தும் சிகிச்சை

1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ், எலும்புவரை புற்று பரவிய நோயாளிகளுக்கு விதைகளை அகற்றியும் பெண் ஓமோன் கொடுத்தும் பார்த்தார். பலருக்கு நோய் தணிந்தது, எலும்பு வலி குறைந்தது. கனடாவின் ஹலிபக்ஸில் பிறந்த அவருக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுக் கலம்கூட உடலின் ஓமோனை நம்பி வாழலாம் என்பதை அவர் நிறுவினார்.

இன்று பெரும்பாலும் ஊசிதான். மூளையின் அடிப்பகுதி விட்டுவிட்டு அனுப்பும் ஒரு சமிக்ஞையால்தான் பிட்யூட்டரிச் சுரப்பி விதையைத் தூண்டுகிறது. அந்தச் சமிக்ஞையைப் போன்ற மருந்தை ஓயாமல் கொடுத்தால் பிட்யூட்டரி செவிடாகிவிடும், விதையும் ஓய்ந்துவிடும். ஆனால் முதல் வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை ஏறித்தான் இறங்கும். அதனால்தான் சிலருக்கு ஊசியோடு சில வாரம் ஒரு குளிசையும் தருகிறார்கள். காரணம் தெரியாமல் அந்தக் குளிசையை நிறுத்தக்கூடாது.

பிறகு ஏன் திரும்பி வருகிறது?

புற்றுக் கலம் கையொப்பத்தைப் போலியாகப் போடப் பழகிவிடுகிறது. அயல் இழையத்தின் அனுமதி இல்லாமலே தன் சொந்த ஏற்பியைக்கொண்டு வளர்கிறது. ஓமோன் குறைந்தால் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. சிலவேளை ஓமோன் இல்லாமலே இயங்கும் குறை ஏற்பியை உருவாக்குகிறது. சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி தரும் மூலப்பொருளிலிருந்து தானே ஓமோன் செய்கிறது. பிரெக் போல வேலை செய்யும் பி.ரென் என்ற மரபணுவை இழந்து, வேறு வளர்ச்சிப் பாதையைத் திறக்கிறது.

2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் கண்டது. ஆண் ஓமோனால் இயங்கும் ஒரு மரபணுவின் ஆளி, வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் புரொஸ்டேட் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இது உண்டு, ஆசியரில் குறைவு.

ஊசி பயன் தராமல் போனாலும் நோய் பெரும்பாலும் ஆண் ஓமோன் பாதையில்தான் நிற்கிறது என்று தெரிந்ததால் புதிய மருந்துகள் வந்தன. 2011இல் அனுமதி பெற்ற அபிராட்டரோன் ஓமோன் உற்பத்தியையே உடல் முழுவதும் தடுக்கிறது. 2012இல் வந்த என்சலுட்டமைட் ஏற்பியை அடைக்கிறது. "ஓமோன் சிகிச்சை பலிக்கவில்லை" என்று வைத்தியர் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று பொருள் அல்ல.

நாம் கவனிக்க வேண்டியவை

பி.எஸ்.ஏ என்பது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். குருதியில் அது கூடினால் புற்றாகவும் இருக்கலாம், வீக்கமாகவோ தொற்றாகவோ இருக்கலாம். அது சந்தேகத்தை எழுப்பும் எண். தீர்ப்புச் சொல்லும் எண் அல்ல.

ஃபினாஸ்டரைட் அல்லது டுட்டாஸ்டரைட் போடுபவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ ஏறக்குறைய பாதியாகக் குறையும். முடி உதிர்வுக்காகச் சிறிய அளவில் போடுபவருக்கும் இது பொருந்தும். அவர்களின் அறிக்கையில் 2 என்றிருந்தால் வைத்தியர் அதை 4 என்று வாசிக்கவேண்டியிருக்கும். குருதி கொடுக்கும்போது இந்த மருந்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் முழுக் கூட்டலும் பிழைக்கும்.

ஓமோன் ஊசி நீண்டகாலம் எடுப்பவருக்கு உடற்சூடு, தசைக் குறைவு, எலும்புத் தேய்வு, நீரிழிவு வரலாம். நடையும் பாரம் தூக்கும் பயிற்சியும் இங்கே மருந்தின் ஒரு பகுதி. ஏற்கெனவே நீரிழிவு அதிகமுள்ள எங்கள் சமூகத்தில் சீனி அளவைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும். மனச்சோர்வும் தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவும் வரும். அது அவரின் குறை அல்ல, மருந்தின் விளைவு என்பதை மனைவியும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

இங்கிலாந்துக் கணக்குப்படி வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளையரில் எட்டுப் பேரில் ஒருவருக்கு, கறுப்பினத்தவரில் நான்கு பேரில் ஒருவருக்கு, ஆசியரில் பதின்மூன்று பேரில் ஒருவருக்கு. எங்களுக்குக் குறைவு என்று ஆறுதல் கொள்ளலாம், அலட்சியம் கொள்ள முடியாது. ஒரு பெரிய குடும்பத்தின் ஆண்களை எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று வரும். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பி.ஆர்.சி.ஏ 2 என்ற மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களில், அதாவது மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் தொடர்ந்து வரும் குடும்பங்களில், ஆண்களும் கவனமாக இருக்கவேண்டும்.

ஆகவே ஐம்பதைத் தொட்டவர்கள் குடும்ப வைத்தியரிடம் பி.எஸ்.ஏ பரிசோதனையின் நன்மை தீமைகளை விளக்கமாகக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அதற்கு முன்னரே கேளுங்கள். உங்களுக்கு இந்நோய் வந்திருந்தால் அண்ணனுக்கும் தம்பிக்கும் மகனுக்கும் சொல்லுங்கள். மறைப்பதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. அவர்களுக்கோ அது காலத்தோடு கிடைக்கவேண்டிய தகவல்.