பூட்டுச் செய்தவரும் பூட்டுபவரும்

ஒரு பொருளைக் கையில் எடுத்தவர், பிறர் சொல்லித்தராமலே அதைக் கையாள முடிகிறதா என்று பார்ப்பதைப் 'பயன்பாட்டெளிமை' என்கிறது வடிவமைப்புத் துறை. மென்பொருளாளர் நாள்தோறும் ஓதும் சொல் இது. டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட நூலில் இதற்குக் கதவை உதாரணமாக்கினார். தள்ளுவதா, இழுப்பதா என்று திகைக்கவைக்கும் கதவில் பிழை திகைப்பவருடையதன்று, செய்தவருடையது என்பது அவர் வாதம்.

கதவுக்குச் சரி. அதில் தொங்கும் பூட்டுக்கு? உரியவருக்கு எளிதாகவும் ஏனையோருக்கு அரிதாகவும் இருக்கவேண்டிய பொருள் அது. இந்த முரணோடு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக வாழ்ந்துவரும் ஊர் திண்டுக்கல்.

'தாழ்' பழந்தமிழ்ச் சொல், குறளிலும் உண்டு. 'சாவி' போர்ச்சுகீசியர் வழி வந்தது. சொல்லைப் போலவே தொழிலும் பல கைகள் சேர்ந்து வளர்ந்தது. திண்டுக்கல்லில் இதைத் தொடங்கியவர்கள் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் என்பர். நாகல்நகர், நல்லாம்பட்டி முதலிய பகுதிகளில் இது குடிசைத் தொழிலாகப் பரவியது. சாவியின் பற்கள் உள்ளிருக்கும் லீவர் தகடுகளை உரிய அளவுக்கு உயர்த்தினால்தான் தாழ் நகரும். இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான். ஆனால் இங்கே தகடுகளைக் கையால் அராவிப் பொருத்தினர்.

வடிவங்களிலோ எத்தனை வகை! மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, மாற்றுச் சாவியை நுழைத்தால் மணியடிக்கும் பெல் பூட்டு. இந்த மணியைச் சற்று எண்ணிப்பாருங்கள். பூட்டியவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார் என்று தெரிந்த ஒருவரே அதைச் செய்திருக்க முடியும். ஜெரமையா சப் 1818இல் செய்த ஆங்கிலப் பூட்டும் கள்ள முயற்சியைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் உரியவர் திரும்பிவந்து திறக்கும்போதுதான். முன்னது வீட்டிலிருப்பவருக்கானது, பின்னது வெளியே சென்றவருக்கானது. பயனரை அறிதல் என்பது இதுதான்.

திண்டுக்கல்லில் கமுக்கப் பூட்டுகளும் உண்டு. மறைவான பொத்தானை அழுத்தினால்தான் சாவித்துளையே தெரியும். ஆனால் அந்தச் சூட்சுமம் அறிந்த பெரியவர் மறைந்துவிட்டால், சாவி கையிலிருந்தும் வீட்டாரே திருடர் நிலைக்கு வந்துவிடுவர். ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் 1883இல் மறைக்குறியீட்டுக்கு வகுத்த விதிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. அமைப்பு பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு வரலாகாது. சாவி ஒன்றே மறைவாக இருக்கவேண்டும். அத்துடன் அது கையாள எளிதாகவும் இருக்கவேண்டும் என்றார் அவர்.

முதல் விதியைப் பின்வந்தோர் போற்றினர். எளிமையைப் பற்றியதை மறந்தனர். 1999இல் ஆல்மா விட்டனும் டக் டைகரும் ஒரு மறைக்குறியீட்டு மென்பொருளைப் பன்னிருவரிடம் தந்து சோதித்தனர். 90 நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்கினரே கடிதத்தைச் சரியாகப் பூட்டி ஒப்பமிட்டு அனுப்பினர். பூட்டு வலியதுதான், பூட்டத்தான் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

கோயிலுக்கா, கடைக்கா, நெல் அறைக்கா என்று கேட்டறிந்து செய்யும் பட்டறைக்குத் தனியாகச் சோதனைச்சாலை வேண்டியதில்லை. வாங்க வந்தவரோடு நடக்கும் பேச்சே அதன் ஆய்வு. எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் பூட்டுக்கு அந்தப் பேச்சு கிடையாது, விலைதான் குறைவு. அலிகாரிலிருந்து வந்த மலிவுப் பூட்டுகளின் முன் திண்டுக்கல் தளர்ந்தது. இளைஞர் வேறு வேலை தேடிச் சென்றனர்.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ வேண்டியதே. ஆனால் குறியீடு காப்பது பெயரை மட்டுமே. "எதற்குப் பூட்டு?" என்று முதலில் கேட்ட அந்தக் கேள்வியைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. பெரும் பொருட்செலவில் பயனர் ஆய்வு நடத்தும் காலம் இது. கேட்கத் தெரிந்த கைவினைஞர் பட்டறையை மூடுவதைப் பார்த்துக்கொண்டு, அதே கேள்வியை நாம் வேறெங்கோ போய்ப் படித்துவருகிறோம்.